டைரியில் இருந்தது, மீட்டரில் இல்லை: அமெரிக்க வானொலியிலிருந்து ஸ்மூத் ஜாஸ் மறைந்தது எப்படி?

2009 மே 18ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவின் கே.கே.எஸ்.எஃப். வானொலி பழைய ராக் பாடல்களுக்கு மாறியது. நான்கு நாள் கழித்து சிகாகோவின் டபிள்யூ.என்.யூ.ஏ. ஸ்பானிய மொழி நிலையமானது. இரண்டும் 1987இல் தொடங்கியவை. சாக்ஸஃபோனோ கிதாரோ முன்னால் நிற்க, மெல்லிய தாளத்தோடு இதமாக ஓடும் ஜாஸ் வகைதான் ஸ்மூத் ஜாஸ். இருபது ஆண்டுக்கும் மேலாக அது ஒலித்த அலைவரிசைகள் அவை. இரண்டையும் நடத்தியது கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியிலேயே நியூயார்க்கின் சி.டி. 101.9 ராக் நிலையமாகிவிட்டது. 2009 அக்டோபரில் டெட்ராய்டின் வி 98.7 போனது. 2010 தொடக்கத்தில், இந்த வகை வானொலிக்கே தாய்வீடான லாஸ் ஏஞ்சலஸின் ‘தி வேவ்’ கூட ‘ஸ்மூத் ஜாஸ்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டு, பாடகர்கள் பாடும் மெல்லிய ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகை) பாடல்கள் பக்கம் சாய்ந்தது. அமெரிக்காவின் மூன்று பெரிய வானொலிச் சந்தைகளிலும் இந்த இசைக்கென்று ஒரு வணிக எஃப்.எம். இல்லாமல் போக இரண்டே ஆண்டுதான் ஆனது.

ஏன் என்று கேட்டால் வானொலித் துறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், ‘மீட்டர் வந்தது, எல்லாம் முடிந்தது’ என்பது. நேயர்களைக் கணக்கெடுக்கும் முறை அந்த ஆண்டுகளில்தான், கையால் எழுதும் டைரியிலிருந்து மீட்டர் என்ற கருவிக்கு மாறியது. அந்த மாற்றம் இந்த நிலையங்களைக் கடுமையாக அடித்ததும் உண்மை. ஆனால் அந்த அடியை வாங்கி நிற்கத் தெம்பில்லாத நிலைக்கு இந்த நிலையங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அந்தத் தெம்பைக் கரைத்தது நேயர்களின் அலுப்போ, கலைஞர்களின் வறட்சியோ இல்லை, நிலையங்களே தங்கள் பாட்டுப் பட்டியலை அமைத்துக்கொண்ட விதம்தான் என்பது என் எண்ணம்.

இந்த இசை வானொலிக்காகப் பிறந்ததில்லை. 1970களில் தயாரிப்பாளர் கிரீட் டெய்லரின் சி.டி.ஐ. இசை நிறுவனம் ஜாஸ் கலைஞர்களை ஆர் அண்ட் பி தாளத்தோடும் வயலின் கூட்டத்தோடும் பதிவு செய்யத் தொடங்கியது. 1976இல் கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் ‘பிரீசின்’ பாப் ஆல்பங்களின் பட்டியலிலேயே முதலிடத்துக்குப் போனது. அடுத்து சக் மேன்ஜியோன் ஒரு ஊதுகுழல் மெட்டை வைத்துக்கொண்டு பாப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறினார். அதே 1976இல் வாஷிங்டனில், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எச்.யூ.ஆர். வானொலியில் மெல்வின் லிண்ட்சி இரவு நேரத்தில் மெதுவான சோல் பாடல்களை ஒன்றோடொன்று கோத்துப் போட ஆரம்பித்தார். ‘குவைட் ஸ்டார்ம்’ என்ற பெயரில் அந்தப் பாணி நாடு முழுவதும் பரவியது. ஸ்மூத் ஜாஸ் நிலையங்களின் இரவு நேர மனநிலையும், அவற்றை விடாமல் கேட்ட நடுவயதுக் கறுப்பின நேயர்களும் வந்தது இந்த வழியாகத்தான். ஜாஸ் விமர்சகர்கள் எழுதும் வரலாறுகளில் இந்தப் பகுதிக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் 1980இல் வெளியிட்ட ‘வைன்லைட்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். பேஸ் கிதாரில் மார்கஸ் மில்லர், டிரம்ஸில் ஸ்டீவ் கேட், கிதாரில் எரிக் கேல். அதில் பில் விதர்ஸ் பாடிய ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ 1981இல் அமெரிக்காவின் பாப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆல்பத்தில் அந்தப் பாட்டு ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும். நடுவில் ராபர்ட் கிரீனிட்ஜ் ஸ்டீல் டிரம்மில் ஒரு தனி வாசிப்பு வாசிப்பார். அதன் பிறகு வாஷிங்டனின் சாக்ஸஃபோன் அவசரமே இல்லாமல் உள்ளே வரும், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும், ஒரு கட்டத்தில் பாட்டையே கையில் எடுத்துக்கொள்ளும். வானொலிக்காக வெட்டிய வடிவமோ நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெட்டு முழுசாக இருக்கும், வாசிப்பு வளர இடம் இருக்காது. இரண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டுப் பாருங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த இசைக்கு என்ன ஆகப்போகிறது என்பது அந்த மூன்றரை நிமிட வித்தியாசத்திலேயே கேட்கும்.

1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில், கே.எம்.இ.டி. என்ற புகழ்பெற்ற ராக் நிலையம் இருந்த 94.7 அலைவரிசையில் ‘தி வேவ்’ தொடங்கியது. ஆரம்பத்தில் அதில் அறிவிப்பாளர்களே கிடையாது. நியூ ஏஜ் என்ற அமைதியான தியான வகை இசை, வாத்திய ஜாஸ், நிதானமான ராக் என்று கலந்து கட்டி ஒலித்தது. என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையமாக இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிராங்க் கோடி, பிறகு ஓவன் லீச்சுடன் சேர்ந்து பிராட்காஸ்ட் ஆர்க்கிடெக்சர் என்ற ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். சிகாகோவில் அந்த நிறுவனம் நடத்திய ஒரு நேயர் கூட்டத்தில், இந்த இசையை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டபோது ஒரு பெண்மணி சொன்னதுதான் ‘ஸ்மூத் ஜாஸ்’ என்ற பெயர் என்கிறார்கள் அந்த நிறுவனத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓர் அரங்கில் நேயர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு திருகி கொடுப்பார்கள். பாட்டுகளிலிருந்து சில விநாடித் துணுக்குகள் வரிசையாக ஒலிக்கும். பிடித்தால் மேலே திருக வேண்டும், பிடிக்காவிட்டால் கீழே. எல்லாருடைய திருகலும் சேர்ந்து திரையில் ஒரு கோடாக ஓடும். கோடு சரியும் பாட்டு பட்டியலை விட்டு வெளியே போகும்.

சில விநாடித் துணுக்கில் எது ஜெயிக்கும்? ஏற்கெனவே தெரிந்த மெட்டு ஜெயிக்கும். ஒரு சாக்ஸஃபோன் கலைஞர் மூன்றாவது நிமிடத்தில் எட்டிப் பிடிக்கும் உச்சம் ஜெயிக்காது. அது தனியாக வெட்டி எடுத்தால் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஆக, பழைய பாப் பாட்டுகளை சாக்ஸஃபோனிலோ கிதாரிலோ வாசித்துக் கொடுத்தால் நிலையத்துக்குள் நுழைவது சுலபம் என்று இசை நிறுவனங்கள் கண்டுகொண்டன. தனி வாசிப்புகள் குறுகின, தாளங்கள் ஒரே வேகத்துக்கு வந்தன. வாத்திய இசைக்கு நடுநடுவே ஷாடே, அனிதா பேக்கர், லூதர் வாண்ட்ராஸ் போன்றவர்களின் பாடல்கள் வந்து, அவற்றின் பங்கு கூடிக்கொண்டே போனது. அந்தப் பாடல்களைக் குறை சொல்ல மாட்டேன், அற்புதமானவை. ஆனால் அவை வேறு நாலு நிலையங்களிலும் கிடைத்தன. இந்த நிலையத்தில் மட்டுமே கிடைத்தது வாத்திய இசை. அதை வைத்துத்தான் அது தனியாக நின்றது, அதைத்தான் அது வருடத்துக்கு வருடம் குறைத்துக்கொண்டது.

1990கள் முழுவதும் இதற்கெல்லாம் நல்ல பலன் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1992இல் சாக்ஸஃபோன் கலைஞர் கெனி ஜி வெளியிட்ட ‘பிரெத்லெஸ்’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றது. (அவருடைய ‘கோயிங் ஹோம்’ சீனாவில் கடைகளை மூடும் நேரத்துப் பாட்டாகவே ஆகிவிட்டது. அது ஒலித்தால் மக்கள் தாமாகவே கிளம்பிவிடுவார்கள்.) டேவ் காஸ், போனி ஜேம்ஸ், நார்மன் பிரவுன் போன்றவர்களுக்கு இந்த நிலையங்கள் வாழ்க்கை கொடுத்தன. நகரத்துக்கு நகரம் ஒரு நிலையம் இருந்ததால், ஒரு பாட்டு பட்டியலில் ஏறினாலே நாடு முழுக்கக் கச்சேரிகள் கிடைத்தன. சிகாகோவில் ராம்ஸி லூயிஸ் போன்ற மூத்த பியானோ மேதை டபிள்யூ.என்.யூ.ஏ.வில் காலை நிகழ்ச்சியே நடத்தினார். ஜாஸ் வரலாற்றில் பங்கெடுத்த ஒருவர் தினமும் காலையில் ஒரு பெருநகரத்தை எழுப்பிவிட்டார்! இன்று எந்த வணிக வானொலியில் அது நடக்கும்?

1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. கிளியர் சேனல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1,200 நிலையங்களுக்கு உரிமையாளரானது. அதற்குப் பிறகு ஒரு நகரத்தின் ஸ்மூத் ஜாஸ் நிலையம் தனியாக லாபம் காட்டினால் போதாது. அதே கட்டடத்தில் இயங்கும் மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டு, இந்த அலைவரிசையில் வேறு எதைப் போட்டால் இன்னும் கூடுதலாக வரும் என்று பார்ப்பார்கள். ஒரே ஆலோசனை நிறுவனம் பல நகரங்களுக்குப் பட்டியல் சொன்னதால் சியாட்டிலில் கேட்டதும் மயாமியில் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. உள்ளூர்க் கலைஞருக்குக் கதவைத் திறந்துவிட உள்ளூரில் அதிகாரம் உள்ள ஆள் அநேகமாக இல்லை.

இப்போது கணக்கெடுப்புக்கு வருவோம். நம் தொலைக்காட்சிகளுக்கு டி.ஆர்.பி. எப்படியோ, அமெரிக்க வானொலிக்கு ஆர்பிட்ரான் எண்கள் அப்படி. பல பத்தாண்டுகளாக ஆர்பிட்ரான், தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு சின்ன டைரியும் சில டாலர் நோட்டும் அனுப்பும். ஒரு வாரம் எந்த நிலையத்தை எப்போதிலிருந்து எப்போது வரை கேட்டீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். நடைமுறையில் பலர் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஸ்மூத் ஜாஸுக்கு இது வரமாக அமைந்தது. அலுவலகத்தில் மேசை மூலையில் ஒரு ரேடியோ காலையிலிருந்து மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேயர் டைரியில் ‘காலை 9 முதல் மாலை 5 வரை, சி.டி. 101.9’ என்று ஒரே கோடாக இழுத்துவிடுவார். நடுவில் கூட்டத்துக்குப் போனது, சாப்பிடப் போனது, போனில் பேசியது எதுவும் அதில் வராது. அவர் பொய் சொல்லவில்லை. அது அவருடைய நிலையம், அதைத்தான் எழுதினார்.

ரேட்டிங் என்பது எத்தனை பேர் கேட்டார்கள், எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்ற இரண்டும் சேர்ந்தது. ஸ்மூத் ஜாஸின் பலம் முழுக்க இரண்டாவதில் இருந்தது. கூட்டம் பெரிதில்லை, ஆனால் வந்தவர்கள் நெடுநேரம் இருந்தார்கள், அல்லது இருந்ததாக எழுதினார்கள்.

பிறகு வந்தது மீட்டர். பேஜர் அளவில் ஒரு கருவி; இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க நடமாட வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தன் ஒலியோடு மனிதக் காதுக்குப் பிடிபடாத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும். மீட்டர் சுற்றியுள்ள சத்தத்திலிருந்து அந்தக் குறியீட்டைப் பொறுக்கிப் பதிவு செய்யும். 2007இல் ஃபிலடெல்ஃபியாவிலும் ஹூஸ்டனிலும் இது அதிகாரபூர்வமான கணக்கானது. 2008இல் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ. புதிய எண்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. மக்கள் டைரியில் எழுதியதைவிட அதிக நிலையங்களைக் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரமே கேட்கிறார்கள். அப்படியானால் ஏராளமானோர் காதில் போகிறபோக்கில் விழும் நிலையத்துக்கு லாபம், சிலர் நெடுநேரம் கேட்கும் நிலையத்துக்கு நஷ்டம். கடைகளிலும் பல் மருத்துவர் அறைகளிலும் ஓடும் மென்மையான பாப் நிலையங்கள் மேலே போனதற்கும், அதே அளவு மென்மையான ஸ்மூத் ஜாஸ் கீழே போனதற்கும் காரணம் இதுதான். இரண்டுமே பின்னணி இசைதானே, ஒன்று மட்டும் ஏன் விழுந்தது என்று குழம்புபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

குரோவர் வாஷிங்டன் வாழ்ந்த ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைப் பார்த்தால், மீட்டருக்கு எவ்வளவு பங்கு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும். அங்கே 1993 முதல் 106.1இல் இருந்த டபிள்யூ.ஜே.ஜே.இஸட். நிலையத்தை 2006 ஆகஸ்டில் கிளியர் சேனல் வேறு வகை இசைக்கு மாற்றியது. அப்போது மீட்டர் இன்னும் அதிகாரபூர்வமாகவில்லை. டைரிக் காலத்திலேயே முதலாளிகள் இந்த இசையைக் கைவிடத் தொடங்கிவிட்டார்கள். நேயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கிரேட்டர் மீடியா என்ற நிறுவனம் அதே பெயரை 97.5 அலைவரிசையில் மீட்டுக்கொண்டுவந்தது. ஆனால் அது திரும்பி வந்த சில மாதங்களில் நகரம் மீட்டருக்கு மாறிவிட்டது. 2008 செப்டம்பரில் இரண்டாம் முறையும் மூடினார்கள். முதல் முறை மீட்டர் காரணமில்லை. இரண்டாம் முறை, மீண்டு எழ அது விடவில்லை.

மீட்டர் சரியாகத்தான் அளந்ததா என்ற கேள்வியும் உண்டு. அந்தக் குறியீடு சுமார் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளின் பின்னால் ஒளிந்துகொண்டு போகும். அந்தப் பகுதியில் நிலையத்தின் ஒலி வலுவாக இருந்தால் குறியீடும் வலுவாகப் போகும். பாட்டு தணிந்தாலோ மௌனம் விழுந்தாலோ குறியீடு மெலியும். ராக் பாட்டிலும் பேச்சு நிகழ்ச்சியிலும் ஒளிய நிறைய இடம் உண்டு. குறைந்த சத்தத்தில் வைத்த ரேடியோ, அதில் நீண்டு இழையும் ஒரு சாக்ஸஃபோன் சுரம், பக்கத்தில் ஏ.சி.யின் இரைச்சல் என்றால் மீட்டருக்கு எவ்வளவு எட்டும்? இந்தச் சந்தேகம் வானொலிப் பொறியாளர்களிடம் நெடுநாள் இருந்தது. 2014 வாக்கில் வோல்டேர் என்ற, 15,000 டாலர் விலையுள்ள ஒரு கருவி சந்தைக்கு வந்தது. குறியீட்டை உரக்க ஒலிக்கச் செய்வதுதான் அதன் வேலை. நிலையங்கள் போட்டி போட்டு வாங்கின. அதற்குள் ஆர்பிட்ரானை வாங்கியிருந்த நீல்சன் நிறுவனம், 2015இல் தானே குறியீட்டை வலுப்படுத்தியது. பழைய குறியீட்டில் போதாமை இருந்ததை இதைவிட எப்படி ஒப்புக்கொள்வார்கள்? ஸ்மூத் ஜாஸ் எவ்வளவு இழந்தது என்று இனிமேல் யாரும் அளந்து சொல்ல முடியாது, அந்த நிலையங்கள் அப்போது இல்லை.

2008 அக்டோபரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ ஆர்பிட்ரான்மீது வழக்குப் போட்டார். மீட்டர் சுமக்கத் தேர்ந்தெடுத்தவர்களில் கறுப்பின, ஹிஸ்பானிய நேயர்கள் உரிய அளவில் இல்லை என்பது புகார். அடுத்த ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, தேர்வு முறையைத் திருத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஸ்மூத் ஜாஸ் நேயர்களில் கறுப்பின மக்கள் பெரும்பங்கு என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கணக்கில் திருத்தம் வரும்வரை காத்திருக்கக்கூட அவர்களுடைய நிலையங்களுக்கு அவகாசம் தரவில்லை.

அவகாசம் தராததற்குப் பணம்தான் காரணம். அமெரிக்க விளம்பர நிறுவனங்கள் வானொலி நேரத்தை வாங்கும்போது பெரும்பாலும் 25 முதல் 54 வயதுவரை உள்ளவர்களையே கணக்கில் எடுக்கும். 55 வயதான நேயர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் அவர் காதுக்கு விலை இல்லை. 1987இல் ‘தி வேவ்’ கேட்கத் தொடங்கிய 35 வயதுக்காரர் 2007இல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார், அவருடைய இடத்துக்கு இளையவர்கள் வரவில்லை. தெரிந்த மெட்டையே திரும்பத் திரும்பப் போடும் நிலையத்துக்கு இருபத்தைந்து வயதுக்காரர் ஏன் வரப்போகிறார்? அப்புறம் 2008 பொருளாதாரச் சரிவு. அந்த ஆண்டு ஜூலையில்தான் கிளியர் சேனலைத் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் பெருங்கடன் வாங்கி வாங்கியிருந்தன. 2009 ஜனவரியில் நிறுவனம் ஏறத்தாழ 1,850 பேரை வேலையை விட்டு அனுப்பியது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய முதலாளி, புது மீட்டரில் எண் சரிந்த நிலையத்தை வைத்துக்கொண்டு நல்ல காலத்துக்குக் காத்திருக்க மாட்டார். மே மாதத்தில் சிகாகோவும் சான் பிரான்சிஸ்கோவும் ஒரே வாரத்தில் போனது இந்த நெருக்கடியின் நடுவில்தான்.

ஜாஸ் உலகம் இதற்காகக் கண்ணீர் விடவில்லை. ஜாஸ் முன்னோடி லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பதிவின்மேல் கெனி ஜி தன் சாக்ஸஃபோனைச் சேர்த்து வாசித்ததற்காக 2000ஆம் ஆண்டில் ஜாஸ் கிதார் கலைஞர் பாட் மெத்தினி மிகக் கடுமையாக எழுதியதைப் பலர் இன்னும் மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுவார்கள். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வெறுப்பு இந்த வகை முழுவதற்கும் பரவி, நார்மன் பிரவுனையும் போனி ஜேம்ஸையும் ஒரே மூட்டையில் கட்டி ஓரம் தள்ளியது அநியாயம். 2011இல் கிராமி விருதுகள் 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தபோது இந்த இசை இடம்பெற்ற சமகால ஜாஸ் ஆல்பத்துக்கான பிரிவும் போனது. அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. அதே வெட்டில் தங்கள் பிரிவை இழந்த லத்தீன் ஜாஸ் கலைஞர்கள்தான் போராடி அதை மீட்டார்கள்.

இசை நின்றுவிடவில்லை. சிரியஸ் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலியில் ‘வாட்டர்கலர்ஸ்’ என்று ஓர் அலைவரிசை இருக்கிறது. இணைய நிலையங்கள் ஏராளம். அவற்றில் சில, பழைய நிலையங்கள் தொடவே பயந்த ஏழு நிமிடப் பாட்டுகளைத் தயங்காமல் போடுகின்றன. பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் 1991 முதல் நடக்கும் பெர்க்ஸ் ஜாஸ் விழாவில் இந்தக் கலைஞர்களுக்கு இன்றும் அரங்கு நிறைகிறது. 2004 முதல் இந்த இசைக்கென்றே உல்லாசக் கப்பல் பயணங்களும் நடக்கின்றன. ஒரு வாரம் கடலில், கலைஞர்களோடு ஒரே கப்பலில். கலைஞர்கள் பலருக்கு இப்போது சோறு போடுவது வானொலியைவிட இவைதான்.

ஆனால் கப்பலில் அறை எடுக்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும், செயற்கைக்கோள் வானொலிக்குச் சந்தா வேண்டும். எஃப்.எம். அப்படி இல்லை. பஸ் டிப்போவிலும், ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும், அலுவலக மேசையிலும் அது சும்மா கிடைத்தது. அங்கே அதைக் கேட்டவர்களில் நிறையப் பேர் ஜாஸ் கிளப் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். வானொலியில் குரோவர் வாஷிங்டனைக் கேட்டு, பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, கடையில் போய் ஆல்பம் வாங்கி, வீட்டுக்கு வந்துதான் முழு ஏழு நிமிடத்தையும் முதல்முறை கேட்டிருப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸின் 94.7 இன்றும் ‘தி வேவ்’ என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆர் அண்ட் பி பாடல்களோடு ரேட்டிங் பட்டியலில் மேல்வரிசைக்கும் வந்தது. வாத்திய இசையை அதில் தேட வேண்டாம்.